மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் கடந்து வந்திருப்போம். குடவோலை, தேர்தல், ஐந்து மதிப்பெண். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் தந்த சபையை ஜனநாயகம் என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்தச் சுவர் இன்னொரு விஷயத்தையும் பேசுகிறது: பொறுப்பைக் கைமாற்றுவது எப்படி?

வாரியத்தில் இருப்பவருக்கு 360 நாள்தான் பதவி. அப்புறம் வேறு ஆள். ஏரி வாரியத்து ஆட்கள் மாறுகிறார்கள் என்பதற்காக ஏரி காத்திருக்காது இல்லையா?

இதே சிக்கல் நேரத்தை அளந்தவர்களுக்கும் இருந்தது. அடியில் சின்ன ஓட்டை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். மூழ்கியதை எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்கவிட வேண்டும். அதில் ஒவ்வொரு முறையும் 5 விநாடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 60 நாழிகை; 300 விநாடி காணாமல் போயிருக்கும். கிண்ணத்தின் மேல் குற்றமில்லை. மாற்றுகிற இடத்தில்தான் ஓட்டை.

இன்று அந்தக் கிண்ணம் வானத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரத்தை வைத்துத்தான் நம் போன் நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் 1 நானோ விநாடி பிசகினால் தூரத்தில் 30 செ.மீ. பிசகும். 1 மைக்ரோ விநாடி என்றால் 300 மீட்டர். கோயில் வாசலில் நிற்பவனை வேறொரு தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அதனால்தான் ஒவ்வொரு கோளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட அணுக் கடிகாரங்கள். 'ஸ்பேர் இருந்தா போதும்ல?' என்றுதான் நானும் நினைத்தேன். போதாது. இரண்டு தவில்காரர்கள் ஒரே காலப்பிரமாணத்தில் வாசிக்கலாம். ஆனால் சமம் வெவ்வேறு இடத்தில் விழுந்தால், ஒருவர் நிறுத்தி மற்றவர் எடுக்கும் இடத்தில் தாளம் துள்ளிவிடும். கடிகாரத்திலும் வேகம் ஒத்துப்போனால் மட்டும் பத்தாது, அடியும் ஒத்துப்போக வேண்டும்.

ஐரோப்பாவின் கலிலியோ கோள்களில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. முதன்மைக் கடிகாரத்தோடு மாற்றுக் கடிகாரமும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கருவி இரண்டின் அடியையும் ஓயாமல் ஒப்பிட்டுச் சரிசெய்யும். முதலாவது நின்றால் அடுத்தது அதே அடியில் தொடரும். கீழே கேட்பவருக்கு ஆள் மாறியதே தெரியாது.

நம் கதை வேறு. 2013 ஜூலை 1 அன்று இஸ்ரோ அனுப்பிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ கோளில் 3 ரூபிடியக் கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் வெளிநாட்டிலிருந்து வாங்கியவை, ஒரே வகை. 2017 தொடக்கத்தில் செய்தி வெளியே வந்தபோது மூன்றுமே பழுதாகியிருந்தன. கோள் உயிரோடுதான் இருந்தது. இடம் காட்டத்தான் முடியவில்லை. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31 அன்று ஏவிய 1எச், வெப்பக் கவசம் பிரியாததால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2018 ஏப்ரலில் போன 1ஐதான் போய்ச் சேர்ந்தது.

அதே 2017 ஜனவரியில் கலிலியோவிலும் 18 கோள்களில் 9 கடிகாரங்கள் நின்றுபோனதாக அறிவித்தார்கள். ஆனால் ஒரு கோள்கூட அதனால் முடங்கவில்லை. ஒவ்வொன்றிலும் 4 கடிகாரங்கள்: 2 ரூபிடியம், 2 ஹைட்ரஜன் மேசர். எண்ணிக்கையும் கூட, இனமும் இரண்டு.

இதைப் படித்தபோது எனக்குக் கல்வெட்டின் ஒரு விதி நினைவுக்கு வந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவரோடு சரி என்று விடவில்லை. சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார் என்று உறவு முறை ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு விலக்குகிறது கல். அவர்கள் பயந்தது ஊழலுக்கு, ரூபிடியத்துக்கு அல்ல. ஆனாலும் ஒருவனிடம் உள்ள கோளாறு அவன் வீட்டு ஆளிடமும் இருக்கலாம் என்ற சந்தேகம் ஒன்றுதான். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேரை வைத்துக்கொண்டு 'மாற்று இருக்கு' என்று சொல்ல முடியாது.

பராந்தக சோழன் காலத்தில் பொ.ஆ. 919இல் எழுதிய விதிகளை, 921லேயே திருத்தி அதே சுவரில் மறுபடி வெட்டினார்கள். நமக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடித்தது. இந்தியாவிலேயே உருவாக்கிய ரூபிடியக் கடிகாரம் முதன்முதலாக வானேறியது என்.வி.எஸ்-01 கோளில், 2023 மே 29 அன்று. முதல் கோள் போய் ஏறக்குறைய 10 ஆண்டு கழித்து.