திண்டுக்கல்லில் ஹைதர் அலி: உள்நாட்டு ஆட்சியும் அயல் உறவும்

பழனி மலைத்தொடருக்கும் சிறுமலைக்கும் இடையில் விரிந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளி, கொங்கு நாட்டிலிருந்து மதுரையை நோக்கி இறங்கும் படைகளுக்கு இயல்பான வாயிலாக அமைந்திருந்ததால், அங்குள்ள மொட்டைப் பாறையின் மேல் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் கோட்டை எழுப்பினார். திருமலை நாயக்கர் காலத்தில் அது மேலும் வலுவடைந்தது. 1736-இல் சந்தா சாகிப் மதுரையைக் கைப்பற்றியதோடு நாயக்கர் ஆட்சி முடிவுக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகள் பல கைகள் மாறிய திண்டுக்கல் சீமை 1742-இல் மைசூர் அரசின் வசமானது. மைசூரின் தென்கோடி எல்லைக் காவலாக இருந்த இக்கோட்டைக்குத்தான், பின்னாளில் தென்னிந்தியாவையே கலங்கடித்த ஹைதர் அலி, 1755-இல் பவுஜ்தாராக, அதாவது படையும் வரி வசூலும் ஒருங்கே தம் பொறுப்பில் கொண்ட ஆளுநராக, வந்து சேர்ந்தார்.

அவர் வந்த காலத்தில் மைசூரில் அரியணை ஒருவரிடமும் அதிகாரம் வேறு சிலரிடமும் இருந்தன. இம்மடி கிருஷ்ணராஜ உடையார் பெயரளவில் மன்னராக இருக்க, படைத்தலைமையாகிய தளவாய்ப் பொறுப்பைத் தேவராஜரும், முதலமைச்சருக்கு நிகரான சர்வாதிகாரி பதவியை அவர் தம்பி நஞ்சராஜரும் வகித்தனர். திருச்சிராப்பள்ளியை மைசூருக்குத் தருவதாக ஆர்க்காட்டு நவாப் முகமது அலி அளித்த வாக்கை நம்பி 1751 முதல் 1755 வரை அங்கே போரிட்ட நஞ்சராஜர், நவாப் வாக்கு மாறியதால் ஊரும் கிடைக்காமல், கருவூலமும் வறண்டு நாடு திரும்ப நேர்ந்தது. அப்போரில் ஐரோப்பியப் படைகளின் ஒழுங்கையும் பீரங்கிகளின் வலிமையையும் அருகிலிருந்து கண்ட ஹைதர், அந்தப் பாடத்தைச் செயலாக்குவதற்கான முதல் களமாகத் திண்டுக்கல்லைப் பெற்றார்.

அங்கே அவரை எதிர்கொண்ட உள்நாட்டுச் சிக்கல் பாளையங்களைப் பற்றியது. நாயக்கர் ஆட்சியில், படை உதவியும் ஆண்டுக் கப்பமும் தருவதாக ஒப்புக்கொண்டு குறிப்பிட்ட நிலப்பரப்பை ஆண்டுவந்த தலைவர்களே பாளையக்காரர்கள். பழனி, விருப்பாட்சி, ஆயக்குடி, கன்னிவாடி, இடையகோட்டை, அம்மையநாயக்கனூர் முதலிய பாளையங்கள் திண்டுக்கல் சீமையில் அடங்கியிருந்தன. மதுரையில் தலைமை அரசு மறைந்தபின் யாருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை என்று அவர்கள் கருதியதால், ஹைதருக்கு முன் மைசூர் அனுப்பிய வெங்கடராயராலும் அவருக்குப் பின் வந்த வெங்கடப்பராலும் வரியை முறையாகத் தண்ட இயலவில்லை. ஹைதரோ பேச்சுவார்த்தையில் காலம் கடத்தாமல், மலையடிவாரப் பாளையங்களின் மீது படை நடத்தி, கால்நடைகளையும் தானியத்தையும் கைப்பற்றி, நிலுவையை வலுக்கட்டாயமாக வசூலித்தார். பணிய மறுத்தவர்களின் பாளையங்களைப் பறித்து நேரடி நிர்வாகத்தில் வைத்தார். மைசூர் ஆட்சியில் அதுவரை பெயரளவில் இருந்த வரி, அவர் காலத்தில்தான் உண்மையான வருவாயாயிற்று.

அந்த வருவாயில் பெரும்பகுதி படைக்கே சென்றது. திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து, பீரங்கி வார்க்கவும் துப்பாக்கி செய்யவும் வெடிமருந்து கலக்கவும் திண்டுக்கல்லில் ஆயுதச்சாலை ஒன்றை அவர் அமைத்தார். கணக்கு வழக்குகளில் தேர்ந்த கண்டே ராவ் அவருடைய நம்பிக்கைக்குரிய உதவியாளராக இருந்து, படைச் செலவைப் பதிவு செய்வதோடு மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்து அரசவையில் ஹைதரின் நலனையும் கவனித்துக்கொண்டார். மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ், பாளையக்காரர் போரில் உண்மையில் காயமுற்றவர்கள் 67 பேராக இருக்க, மஞ்சள் தோய்த்த கட்டுகளோடு ஏறத்தாழ 700 பேரை நிறுத்தி, காயமுற்றோர்க்குரிய உதவித்தொகையை அரசிடமிருந்து ஹைதர் பெற்றதாகக் குறிப்பிடுகிறார். இச்செய்தி எவ்வளவு மிகைப்படுத்தப்பட்டதாக இருந்தாலும், தலைநகரின் பணத்தைக் கொண்டு தலைநகருக்குக் கட்டுப்படாத தனிப்படை ஒன்று திண்டுக்கல்லில் உருவாகிக்கொண்டிருந்தது என்பதை அது புலப்படுத்துகிறது.

படை வளர்ந்ததும் அயல் உறவும் விரிந்தது. கோழிக்கோட்டுச் சாமூதிரியின் தாக்குதலுக்கு ஆளான பாலக்காட்டு அரசர் 1757 வாக்கில் உதவி கோரியபோது, ஹைதர் தம் மைத்துனர் மக்தூம் அலியின் தலைமையில் ஒரு படையை அனுப்பினார். அப்படை கடற்கரை வரை முன்னேறவே, போர்ச் செலவுக்கு ஈடாக 12 லட்சம் ரூபாய் தருவதாகச் சாமூதிரி உடன்பட்டார். அத்தொகை செலுத்தப்படவில்லை, ஆயினும் அந்தக் கடனைக் காரணமாகக் காட்டியே 1766-இல் ஹைதர் மலபார் மீது படையெடுத்தார். கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவில் அமைந்த ஒரு மாகாணக் கோட்டையிலிருந்து, அரபிக் கடற்கரையின் அரசியலில் மைசூர் இவ்வாறு அடியெடுத்து வைத்தது.

மதுரைத் திசையில் இத்தகைய வெற்றி கிட்டவில்லை. ஆர்க்காட்டு நவாபின் தமையனான மாபூஸ்கான் தம்பியோடு பகை கொண்டு ஹைதரின் துணையை நாடியதால், 1757-இன் இறுதியில் ஹைதர் சோழவந்தானைக் கைப்பற்றி மதுரையை நெருங்கினார். அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தலைமை வகித்த யூசுப்கான், மருதநாயகம் என்ற பெயரால் தமிழ் மக்கள் நன்கறிந்தவர், நத்தம் கணவாயருகே ஹைதரை முறியடித்துத் திண்டுக்கல்லுக்குப் பின்வாங்கச் செய்தார். ஆங்கிலேயர் சார்பில் நின்ற ஒருவரிடம் ஹைதர் கண்ட முதல் பெருந்தோல்விகளுள் ஒன்றான இது, பீரங்கியையும் பிரெஞ்சுத் தொடர்பையும் மேலும் வலுப்படுத்தும் தேவையை அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தியாவிலும் மோதக் காரணமாயிற்று. 1760-இல் புதுச்சேரி முற்றுகைக்கு ஆளானபோது, பிரெஞ்சு ஆளுநர் லாலியோடு ஹைதர் உடன்படிக்கை செய்துகொண்டு, தியாகதுர்க்கம் உள்ளிட்ட கோட்டைகளுக்கு ஈடாக மக்தூம் அலியின் படையை உதவிக்கு அனுப்பினார். அதே ஆண்டில் திண்டுக்கல் எல்லையில் வத்தலக்குண்டைச் சுற்றி மைசூர்ப் படைக்கும் யூசுப்கான் படைக்கும் கடும் மோதல் நிகழ்ந்தது. ஆனால் பழைய உதவியாளரான கண்டே ராவே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதருக்கு எதிராகத் திரும்பியதால், தம் உயிரையும் பதவியையும் காத்துக்கொள்ள ஹைதர் படைகளைத் திரும்ப அழைத்தார். புதுச்சேரி 1761 ஜனவரியில் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே கண்டே ராவை வென்று மைசூரின் முழு அதிகாரத்தையும் ஹைதர் அடைந்தார்.

தலைநகருக்குச் சென்றபின் திண்டுக்கல்லை அவர் மறந்துவிடவில்லை. கோட்டையும் சீமையும் அவருடைய நெருங்கிய உறவினர் பொறுப்பில் இருந்தன; அக்குடும்பத்தைச் சேர்ந்த அமீருன்னிசா பேகத்தின் கல்லறையும் பள்ளிவாசலும் அமைந்த இடம் பேகம்பூர் என்ற பெயரோடு இன்றும் நகரின் ஒரு பகுதியாக இருக்கிறது. 1772 ஜூனில் நவாப் படையும் கம்பெனிப் படையும் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்று அச்சீமையைக் கைப்பற்றியபோது, அவர் மனைவி வேலு நாச்சியாரும் மகள் வெள்ளச்சியும் பிரதானி, அதாவது முதலமைச்சர், தாண்டவராய பிள்ளையும் விருப்பாட்சிக்கு வந்து அதன் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் பெற்றனர். 5,000 குதிரைப் படையும் 5,000 காலாட்படையும் வேண்டித் தாண்டவராய பிள்ளை அவ்வாண்டின் இறுதியில் ஹைதருக்கு மடல் எழுதினார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, ஹைதர் கர்நாடகப் பகுதியின் மீது பெரும்படையெடுப்பு நடத்திய 1780-இல், மைசூரின் துணையோடு வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். 1755-இல் வரிக்காக நெருக்கப்பட்ட மலையடிவாரப் பாளையங்களே, கம்பெனியை எதிர்க்க வேண்டிய சூழலில் மைசூரின் நேச வட்டத்துக்குள் வந்தன என்பது கவனத்துக்குரியது. அயல் பகை மாறியதால் உள்நாட்டுக் கொள்கையும் மாறியது.

மாகாண அதிகாரத்திலிருந்து தனியரசை உருவாக்கிய ஆளுநர்கள் அக்காலத்தில் வேறு நாடுகளிலும் இருந்தனர். பால்கன் தீபகற்பத்தில் துருக்கியரின் உதுமானியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த யானினா நகரின் ஆளுநர் அலி பாஷா, சுற்றியிருந்த மலைத்தலைவர்களை அடக்கி, பிரெஞ்சுக்காரரோடும் ஆங்கிலேயரோடும் மாறிமாறி உறவு கொண்டு, இறுதியில் 1822-இல் சுல்தானின் படையால் கொல்லப்பட்டார். ஹைதருக்கோ தம்மை அடக்கவல்ல பேரரசர் எவரும் மேலே இல்லை. அவருடைய எல்லையைக் குறைத்தவர்கள் கடல் வழியே பணமும் படையும் பெற்ற கம்பெனியாரே.

அந்த எல்லையில் திண்டுக்கல் நிலைத்து நிற்கவில்லை. முதல் மைசூர்ப் போரில் 1768-இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து விரைவில் மீட்கப்பட்டது. ஹைதர் மறைந்த மறு ஆண்டான 1783-இல் மீண்டும் வீழ்ந்து, 1784-ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் அவர் மகன் திப்பு சுல்தானிடம் திரும்பியது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முற்றுகைக்குப் பணிந்தது. படையைத் திரட்டுவதில் ஹைதர் காட்டிய திறமையை, குடிகளையும் பாளையக்காரர்களையும் ஆட்சியோடு பிணைக்கும் நிலையான நிர்வாகத்தை அமைப்பதில் காட்டவில்லை. ஆதலால் கோட்டை விழுந்தபோதெல்லாம் சீமையும் உடன் கைமாறியது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு திண்டுக்கல்லைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். பிற்கால மதுரை மாவட்டத்தில் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட முதல் பகுதி இதுவே.