ஒரு வயரில் ஒருவர்தான் பேச முடியும்

கச்சிராயபாளையத்துக்காரனுக்குக் கடல் பத்தி என்ன தெரியும்னு கேட்டா, நியாயம்தான். எங்க ஊர்ப் பக்கம் பெரிய தண்ணின்னா கோமுகி அணைதான். ஆனா ஒரு படகோட வயரிங்கைப் பார்க்கப் போய், அதுக்குள்ள ஒரு வரலாறே இருக்குன்னு புரிஞ்சது.

படகில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் வேற வேற கம்பெனி. இவை ஒன்றோடு ஒன்று பேசுவதற்காக, அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983-ல் ஒரு பொது மொழியை வெளியிட்டது. பெயர் என்எம்இஏ 0183. வேகம் வினாடிக்கு 4,800 பிட். ஒரு வரிக்கு அதிகபட்சம் 82 எழுத்து. டாலர் குறியில் தொடங்கி, கமா போட்டுப் போட்டு நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை. லாக் ஃபைல் படிச்சுப் பழகினவங்களுக்குப் பார்த்ததுமே பிடிபடும். முக்கிய விதி: ஒரு இணைப்பில் பேசுவது ஒரு கருவி மட்டும், மற்றவை கேட்கும். பதில் வேணும்னா தனி வயர்.

டிஎஸ்சி வசதியுள்ள வயர்லெஸ்ஸில் சிவப்பு பட்டனை அழுத்தினால் ஆபத்துச் செய்தி போகும். ஆனால் ஜிபிஎஸ்ஸிலிருந்து வயர் இழுக்காம விட்டிருந்தா, படகு எங்கே இருக்குன்னு அதுவா சொல்லாது.

அந்த வயர்லெஸ்ஸும் சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் போவது பல நூறு கிலோமீட்டர். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயலானபோது அவர்களில் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை இருந்தது. அவர்களுக்குச் சொல்ல வழி இல்லை. நிறைய பேர் திரும்பி வரவே இல்லை.

கருவியே இல்லாமல் இல்லை. இஸ்ரோவின் டிஏடி 2010-லிருந்தே இருக்கிறது. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி சென்னையிலுள்ள கடலோரக் காவல்படை மையத்துக்குப் போகும். போய்ச் சேர்ந்ததான்னு அழுத்தினவருக்குத் தெரியாது. ஒக்கிக்குப் பிறகு, 2019-ல் ஜெமினி வந்தது. புயல் எச்சரிக்கையைக் ககன் செயற்கைக்கோளிலிருந்து வாங்கி, ப்ளூடூத்தில் போனுக்குத் தரும். இதுல கேட்கலாம், பேச முடியாது. ஒன்று வாய், ஒன்று காது. அதே 1983 விதி!

2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை டிஏடி-யில்தான் பதில் திரும்பி வருது. நெட்வொர்க்கிங் பாடத்துல இதுக்குப் பேர் ‘ஏசிகே’. எங்களுக்கு அது ரெண்டு மார்க் கேள்வி. நடுக்கடல்ல இருக்கறவர் அந்தப் பதிலை, போனில் தன் மொழியிலேயே படிக்கலாம்.