கவரைப்பேட்டையில் மாறாத வேகம்

2024 அக்டோபர் 11, இரவு எட்டரை மணி வாக்கில், மைசூருவிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் பொன்னேரியைத் தாண்டி கும்மிடிப்பூண்டி நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வழியில் இருக்கும் கவரைப்பேட்டையில் அதற்கு நிறுத்தம் கிடையாது. மெயின் லைனில் நேராகப் போகப் பச்சை சிக்னல் விழுந்திருந்தது. ஆனால் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ஓட்டுநர்கள் பலமான ஒரு உதறலை உணர்ந்தார்கள். வண்டி சுமார் 75 கி.மீ. வேகத்தில் லூப் லைனுக்குள் போய், அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பலருக்குக் காயம், நல்லவேளையாக யாரும் சாகவில்லை.

வழி ஏன் மாறியது என்பது விசாரணை அதிகாரிகளின் வேலை. என்னை யோசிக்க வைத்தது அந்த உதறல்தான். அந்த நொடியில் ஸ்பீடாமீட்டர் முள் பெரிதாக அசைந்திருக்காது. வேகம் அதேதான். பிறகு எது மாறியது?

திசை. நம் பாடநூல்கள் 'வேகம்' என்பதையும் 'திசைவேகம்' என்பதையும் பிரித்துச் சொல்வது இதற்காகத்தான். (இலங்கைப் பாடநூல்களில் முதலாவது 'கதி', இரண்டாவது 'வேகம்'. அவர்கள் புத்தகத்தைப் படிக்கும்போது கவனம்!) திசைவேகம் மாறினாலே அது முடுக்கம். ஆக்சிலரேட்டரை மிதிப்பது மட்டுமல்ல, பிரேக் போடுவதும் வளைவில் திரும்புவதும்கூட முடுக்கம்தான்.

வளைவில் இது எவ்வளவு என்று 1659-லேயே கணக்குப் போட்டவர் டச்சுக்காரர் ஹைகன்ஸ். 1673-ல் வந்த ஊசல் கடிகார நூலின் கடைசியில், நிரூபணம் எதுவும் தராமல், அந்த விதிகளை வெளியிட்டார். சாரம் இதுதான்: வேகத்தை வேகத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும்.

நம் ரயில்வேயில் லூப் லைனுக்குள் திரும்ப வழக்கமான வரம்பு 30 கி.மீ. 75 என்பது அதைப்போல இரண்டரை மடங்கு. ஆனால் பக்கவாட்டு முடுக்கம் இரண்டரை மடங்கு அல்ல, 6.25 மடங்கு! பரவலாக உள்ள 1-க்கு 12 டர்ன்அவுட்டின் ஆரம் சுமார் 441 மீட்டர். அதில் 30 கி.மீ.யில் போனால் முடுக்கம் 0.16 மீ/வி². 75-ல் கிட்டத்தட்ட 1 மீ/வி², அதாவது புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு. சாதாரண வளைவு என்றால் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்தி, வளைவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிப்பார்கள். டர்ன்அவுட்டில் பொதுவாக அந்த வசதி இல்லை. முடுக்கம் சட்டென்று வந்து தாக்கும். உதறல் என்பது அதுதான்.

அடுத்து வந்த மோதல் இன்னொரு முடுக்கம்: 75 கி.மீ. வேகம் சில நொடிக்குள் பூஜ்யம்.

இதுபோன்ற விபத்து என்றதும் "ஓவர் ஸ்பீடு" என்று சொல்லிவிடுகிறோம். மெயின் லைனில் அதே 75-ல் நேராகப் போயிருந்தால், கவரைப்பேட்டை வந்துபோனதே பயணிகளுக்குத் தெரிந்திருக்காது. அடுத்தமுறை கும்மிடிப்பூண்டி லோக்கலில் நின்றுகொண்டே போனால் கவனித்துப் பாருங்கள்: வண்டி தடம் மாறும்போது, கம்பியைப் பிடித்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள்.