திரும்பாத பீரங்கியும் திரும்பிய துப்பாக்கியும்

சிங்கப்பூர் வீழ்ந்த வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்த மாத்திரத்தில் நம்மவர் வாயினின்றும் வெளிப்படும் வாக்கியம் ஒன்றுண்டு. “பீரங்கிகள் யாவும் கடலைப் பார்த்து நின்றன, ஜப்பான்காரன் முதுகுப்புறமாய் வந்து சேர்ந்தான், பீரங்கியைத் திருப்ப முடியாமல் வெள்ளைக்காரன் விழித்தான்” என்பதே அது. கோப்பிக்கடையிலும், லயத்து வாசலிலும், படித்தவர் கூடும் மன்றங்களிலும் இதனை நாம் கேட்டிருக்கிறோம். ஆங்கில நூல்கள் சிலவற்றிலும் கண்டிருக்கிறோம். எளிதில் நினைவில் நிற்பது. கேட்போர்க்கு நகைப்பை விளைப்பது. ஆண்டவர்களின் மடமையை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது. ஆதலின் எண்பது ஆண்டுகள் கடந்தும் இக்கதைக்கு மூப்பு வரவில்லை. எனினும் கதை வேறு, நடந்தது வேறு. பீரங்கிகள் திரும்பின, திரும்பிச் சுடவும் செய்தன. அப்படியானால் சிங்கப்பூர் வீழ்ந்தது எதனால்? இக்கேள்வியை வாசகர்கள் நம்முடன் சேர்ந்து சிறிது ஆராய்வார்களாக.

முதல் உலகப்போர் முடிந்தபின், கிழக்கே ஜப்பானியக் கடற்படை வளர்ந்து வருவதைக் கண்ட பிரிட்டிஷ் மந்திரிசபை, சிங்கப்பூரில் பெருங் கடற்படைத்தளம் ஒன்று அமைப்பதென 1921-இல் தீர்மானித்தது. மேற்கிலும் கிழக்கிலும் ஒரே காலத்தில் நிறுத்துவதற்கு வேண்டிய கப்பல்கள் அவர்களிடம் இல்லை. ஆகவே கப்பல்கள் ஐரோப்பாவிலேயே இருக்கும். கிழக்கே ஆபத்து நேர்ந்தால் புறப்பட்டு வரும். வந்து சேரும்வரை பீரங்கிகள் தளத்தைக் காத்து நிற்கும் என்று திட்டம் வகுத்தனர். தளம் செம்பவாங்கில் ஜொகூர் நீரிணைக் கரையில் எழுந்தது. கப்பலைத் தூக்கிப் பழுதுபார்க்கும் மிதவைத்துறை ஒன்று 1928-இல் இங்கிலாந்திலிருந்து சூயஸ் வழியாக இழுத்து வரப்பட்டது. 1938 பிப்ரவரி 14-ஆம் நாள் பெரிய உலர்துறையும் திறக்கப்பட்டது. எல்லாம் வந்தன, கப்பல்கள் மட்டும் வரவில்லை. கப்பற்படை வந்து சேர ஆறு வாரம் போதுமென்று முதலில் கணக்கிட்டவர்கள், 1939-இல் 180 நாளாகும் என்று கணக்கை மாற்றிக்கொண்டனர். பத்திரிகைகளோ இதைக் ‘கிழக்கின் ஜிப்ரால்டர்’ என்றும், தகர்க்கவொண்ணாக் கோட்டை என்றும் ஓயாது எழுதி வந்தன.

தோட்டத்து எல்லையில் முனியாண்டி ஓங்கிய அரிவாளோடு நிற்பதை நாம் பார்க்கிறோம். அவ்வரிவாள் எவனையும் வெட்டியதில்லை. வெட்டும் என்று திருடன் நம்பும் வரையில் காவல் நடக்கிறது. சிங்கப்பூர்க் காவலும் அவ்வகையினதே. திருடன் வேறு வழி பார்த்துக்கொண்டான். அரிவாளைச் செய்து வைத்தவனோ அதை நம்பி உறங்கிவிட்டான்.

இனிப் பீரங்கிகளைப் பற்றிக் கூறுவோம். அவற்றுள் பெரியவை 15 அங்குலப் பீரங்கிகள். 15 அங்குலம் என்பது குழல்வாயின் குறுக்களவு. ஒரு குழலின் எடை மட்டும் ஏறத்தாழ 100 டன். அது எறியும் குண்டு 800 கிலோவுக்கு மேற்பட்டது. இருபது மைலுக்கு அப்பாலும் சென்று விழவல்லது. இவ்வகைப் பீரங்கிகள் ஐந்து இருந்தன: சாங்கியில் மூன்று, தீவின் மேற்கே பூனா விஸ்தாவில் இரண்டு. சாங்கியிலிருந்ததற்கு ‘ஜொகூர் பீரங்கித்தளம்’ என்று பெயர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பட்டமேறிய வெள்ளிவிழாவுக்காக ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 1935-இல் வழங்கிய ஐந்து இலட்சம் பவுன், சிங்கப்பூரின் காவலுக்குச் செலவிடப்பட்டமையால் அப்பெயர் வந்தது. இவையன்றி, பிளாக்காங் மாத்தித் தீவிலும் (இன்றைய செந்தோசா) தெக்கோங் தீவிலும் 9.2 அங்குலப் பீரங்கிகள் இருந்தன; சிறியவை பல.

1942 பிப்ரவரியில் பகைவன் ஜொகூரில் வந்து நின்றபோது சாங்கிப் பீரங்கிகள் வடக்கே திரும்பின. ஜொகூர் பாருவின் பக்கமும், பின்னர்ப் புக்கிட் தீமாவின் பக்கமும் அவை சுட்டன. பிளாக்காங் மாத்திப் பீரங்கிகளும் நிலத்தை நோக்கிச் சுட்டன. பூனா விஸ்தாவின் இரண்டு மட்டுமே அப்பக்கம் திரும்ப வகையற்றவை. பகைவன்மேல் ஒரு குண்டும் எறியாமலே அவை தகர்க்கப்பட்டன. கதையில் மெய் உண்டாயின் அது இவ்விரண்டு குழல்களின் அளவே.

ஆனால், திரும்பிச் சுட்டும் பயனென்ன? இங்கேதான் கவனிக்கவேண்டிய நுட்பம் இருக்கிறது. போர்க்கப்பலின் தடித்த எஃகுக் கவசத்தைத் துளைப்பதற்கென்றே அக்குண்டுகள் வார்க்கப்பட்டன. அவற்றின் மூக்கு கெட்டி எஃகு. உள்ளே வெடிமருந்து மிகக் குறைவு. பட்டவுடன் வெடிக்காமல், கவசத்தைத் துளைத்து உள்ளே சென்றபின் சற்றுத் தாமதித்து வெடிக்கும். இத்தகைய குண்டு நம் நாட்டு ஈரமண்ணில் விழுந்தால் என்னாகும்? ஆழப் புதைந்து, அடியில் வெடித்து, ஒரு குழியைத் தோண்டும். ரப்பர் நிழலில் பதுங்கி வரும் காலாட்படையை அழிக்க வேண்டுவது, பட்டவுடன் சிதறும் வெடிகுண்டு. 15 அங்குலப் பீரங்கிக்கு அவ்வகைக் குண்டு ஒன்றுகூட இருப்பில் இல்லை. 9.2 அங்குலப் பீரங்கிக்கு இருந்ததும் சொற்பமே. மேலும், குண்டு எங்கே விழுந்தது என்று வானிலிருந்து பார்த்துச் சொல்ல விமானம் இல்லை. வரைபடத்தைப் பார்த்தே சுட்டார்கள். ஆகவே, திரும்பாதது பீரங்கியன்று. குண்டுகளைக் கேட்டு வாங்கிய அதிகாரிகளின் எண்ணமே திரும்பவில்லை. கடலிலிருந்து வருபவன் ஒருவனே பகைவன் என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

எவரும் எச்சரிக்கவில்லையோ எனின், எச்சரித்தனர். மலாயாத் தளபதியாயிருந்த டாபி, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலும் கிழக்குக் கரையில் படை இறங்கக்கூடும் என்று 1937-இலேயே ஆராய்ந்து தெரிவித்தார். அவருக்குக் கீழே அவ்வாராய்ச்சியில் உழைத்தவர் யாரெனில், பின்னாளில் சிங்கப்பூரை ஒப்படைத்த பெர்சிவல் அவர்களேதான்! டாபி ஜொகூரில் தொடங்கிய காவலரண்கள் பாதியில் நின்றன. 1941-இல் பொறியியல் தலைவராக வந்த சிம்சன், தீவின் வடகரையில் அரண் கட்டும்படி வற்புறுத்தியதையும், அரண் கட்டினால் மக்களும் படையும் மனந்தளர்வர் என்று கூறிப் பெர்சிவல் மறுத்ததையும் பின்னர்த் தம் நூலில் எழுதிவைத்தார். காவல் செய்தால் மனந்தளரும் என்னும் இத்தத்துவத்தை நாம் வேறெங்கும் கேட்டதில்லை. விமானங்கள் 336 வேண்டும் என்று இலண்டனே ஒப்புக்கொண்டிருந்தது. போர் மூண்டபோது இங்கிருந்தவை 158. டாங்கி எனப்படும் கவசவண்டி மலாயாவில் ஒன்றுகூட இல்லை. ஜப்பானியர் கொண்டுவந்தவையோ சுமார் இருநூறு.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அன்று விடியுமுன்னரே சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. தெருவிளக்குகள் எரிந்தவண்ணமே இருந்தன. 10-ஆம் நாள், ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் இரண்டு பெரும் போர்க்கப்பல்களும் குவாந்தான் கடலில் விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. எந்தக் கப்பல்களுக்காகத் தளம் கட்டப்பட்டதோ, அவற்றில் வந்தவை இரண்டே. வந்து எட்டு நாளில் அவையும் போயின.

வந்த பகைவனின் முதன்மையான ஊர்தி எது தெரியுமா? சைக்கிள்! ஒவ்வொரு பெரும்படைப்பிரிவுக்கும் ஏறக்குறைய 6,000 சைக்கிள்கள் இருந்தனவென்று, அப்படையெடுப்பைத் திட்டமிட்டவர்களுள் ஒருவராகிய தூஜி எழுதியிருக்கிறார். போருக்கு முன்பே ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவில் மலிவாக விற்கப்பட்டமையால், பழுதுபார்க்கும் சாமான்கள் ஊர்தோறும் கிடைத்தன. டயர் வெடித்துப் போனால் வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டினார்கள். இரவில் அவ்வொலியைக் கேட்டவர்கள் டாங்கிகள் வருகின்றன என்று அஞ்சினர். உலகுக்கெல்லாம் ரப்பர் கொடுத்த நாட்டில் ரப்பரில்லாத சக்கரம் உருண்டு வந்து வெற்றிகொண்டதை என்னவென்பது! பெருஞ்சடக்கில் இந்தியத் துருப்புகள் காவல் நிற்க, பகைவன் தோட்டத்துச் செம்மண் சடக்குகளில் புகுந்து பின்புறம் வந்து சேர்ந்தான். அச்சடக்குகளை வெட்டியவர்கள் நம் பாட்டன்மார்; இன்று அவற்றின் இருமருங்கும் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. 1942 ஜனவரி 7-இல் சிலிம் ஆற்றங்கரையில் முப்பதுக்கும் குறைந்த டாங்கிகள் இரண்டு படையணிகளைச் சிதறடித்தன. அங்கே நின்ற இந்தியச் சிப்பாய்களில் பலர் அதுகாறும் டாங்கியைக் கண்ணாலும் கண்டதில்லை. ஐம்பத்தைந்து நாளில் ஜப்பானியர் ஜொகூர் பாருவை அடைந்தனர்.

சைக்கிள் என்றதும் மற்றொரு செய்தியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இப்படையெடுப்புக்கு ஏழு மாதங்களுக்கு முன் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு, சங்கம் வைக்கும் உரிமை என்று நம் மக்கள் கேட்டவற்றினிடையே இதுவும் ஒன்று: வெள்ளைக்காரத் துரையின் முன்னிலையிலும் ஆசியச் சிப்பந்திகளின் முன்னிலையிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல வேண்டும். சிப்பந்திகள் என்றால் கிராணிமார். அதாவது நம் தொழிலைச் செய்தவர்கள். துரைக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு பங்கு தங்களுக்கும் வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள் என்பது வெட்கத்தோடு படிக்க வேண்டிய வரலாறு. 1941 மே மாதத்தில் தொழிலாளரை ஒன்றுசேர்த்த ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடிநிலை பிறந்தது. துருப்புகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கி வெடித்துத் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

ஆகவே, அரசாங்கத்தின் ஆயுதங்களுக்கு உள்நாட்டுப் பக்கம் திரும்பத் தெரியாது என்று எவரும் கூறற்க. 1941 மே மாதத்தில் அவை நன்றாகவே திரும்பின. சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றவன்மீது திரும்பத் தெரிந்த துப்பாக்கி, சைக்கிளில் வந்த படைக்கு முன்னே பின்வாங்கிற்று. இம்மக்களை நம்பி, அவர்களுக்குப் பயிற்சியளித்து நாட்டைக் காக்கும் எண்ணம் ஆண்டவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அரண் வெட்டக் கூலியாட்கள் வேண்டியபோதுகூட, வெளியில் கிடைத்ததைவிடக் குறைந்த கூலியே நிர்ணயிக்கப்பட்டது. ஆள் கிடைக்கவில்லை என்ற புகாரும் எழுந்தது!

பினாங்கில் நடந்ததையும் காண்க. டிசம்பர் 11 முதல் ஜார்ஜ் டவுனில் குண்டுமாரி பொழிந்தது. சில நாளில் ஐரோப்பியர் இரவோடிரவாகக் கப்பலேறிப் போயினர். நகரத்து மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. படகுகளும் வானொலி நிலையமும் அழிக்கப்படாமல் கிடந்தன. பின்னர் அவை ஜப்பானியர்க்கே பயன்பட்டன. அந்நிலையில் பொறுப்பை ஏற்றவர் ‘ஸ்டிரெயிட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியரான யாழ்ப்பாணத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை அவர் இறக்கினார். இந்நகரில் படையில்லை, குண்டு போடவேண்டா என்று அதே வானொலி மூலம் ஜப்பானியர்க்கு அறிவித்தார். பீரங்கி இல்லாத ஒருவர், விட்டுச் சென்ற ஒரு கருவியைக்கொண்டு எஞ்சியவர்களைக் காத்தார். இவர் பெயரை அறிந்தோர் நம்மிடையே எத்தனை பேர்?

பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு ஜப்பானியர் தீவின் வடமேற்கில் இறங்கினர். 12-ஆம் நாள் சாங்கிப் பீரங்கிகளை அவற்றின் படையினரே தகர்த்தனர். 15-ஆம் நாள் புக்கிட் தீமாவில் போர்டு மோட்டார் தொழிற்சாலையில் பெர்சிவல் கையெழுத்திட்டார். எண்பதினாயிரம் பேருக்கு மேல் சிறைப்பட்டனர். பிடித்தவர்கள் தொகை அதிற் பாதியளவே. இத்துணைப் பெருந்தோல்விக்குப் பொறுப்பாளி யாரென்று ஆராய இலண்டன் ஒரு விசாரணைக்குழுவும் அமைக்கவில்லை. சிங்கப்பூரின் பின்புறத்தில் அரண் இல்லை என்பது தம் மனத்தில் தோன்றவேயில்லை என்று சர்ச்சில் பின்னர் எழுதினார். விசாரணை இல்லாத இடத்தில் கதை வந்து அமர்ந்துகொண்டது. பீரங்கி திரும்பவில்லை என்றால் குற்றம் இரும்பினுடையது. அதைப் பதித்த பொறியாளனுடையது. கூலியைக் குறைத்தவனும், அரண் வேண்டாவென்றவனும், விமானத்தை அனுப்பாதவனும் அக்கதையில் வருவதில்லை. நம்மவர் வெள்ளைக்காரனை எள்ளுவதாக நினைத்து அவனுக்கு நற்சான்று வழங்கி வருகின்றனர்.

அவ்வீழ்ச்சியின் விலையைக் கொடுத்தவர்களோ தோட்டத்து மக்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் கொண்டுபோகப்பட்டனர்; பெரும்பாலோர் தமிழர். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. இதைப்பற்றி 1957-இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படம், இலங்கையில் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. அதில் போர்க்கைதிகள் கட்டிய மரப்பாலம் இறுதியில் வெடித்துச் சிதறுகிறது. மெய்யான பாலம் இரும்பாலானது. 1945-இல் குண்டுபட்டுப் பின் செப்பனிடப்பெற்று, அதன்மேல் இன்றும் ரயில் ஓடுகிறது. படத்தின் கதையில் பாலம் உண்டு, வெள்ளைக்காரக் கைதி உண்டு. தமிழ்த் தொழிலாளி இல்லை.

சாங்கியில் இன்று அப்பீரங்கியின் மாதிரி ஒன்று செய்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் குழல் எந்நாளில் எத்திசையில் சுட்டது என்பதை ஆராய்ச்சியாளர் தேடி எழுதிவிட்டனர். காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் துயில்கின்றனர். பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. நம் தோட்டங்களிலிருந்து போய் மாண்டவர்களின் தொகையை நூலுக்கு நூல் வெவ்வேறாகக் கூறுகின்றனர். நாள்தோறும் காலையில் ஆளெண்ணிச் செக்ரோலில் ஒற்றைப் பெயரும் விடாமல் குறித்த தோட்டங்கள் அவை.