18 வயதானால் கோப்பு மாணவருக்கே: கல்லூரிப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை

கல்லூரிக் கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டும் தந்தை, பிள்ளையின் தேர்ச்சி நிலையைக் கேட்கப் போனால், “மாணவரின் இணக்கம் வேண்டும்” என்று முகப்பில் பதில் வருவதுண்டு. பலருக்கு அது அவமதிப்பாகப் படுகிறது. ஆனால், அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது.

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 709), 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளில் திரட்டப்படும் தனிப்பட்ட விவரங்களுக்கு அது பொருந்தும். கட்டணம் வாங்கிக் கல்வி தரும் தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதில் அடக்கம். 18 வயதுக்குட்பட்ட மாணவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ பேசலாம். 18 நிறைந்ததும் அந்த உரிமை மாணவரின் கைக்கு வந்துவிடுகிறது. பணம் யார் கட்டுகிறார் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை.

இதற்கான வழி பதிவு நாளன்றே இருக்கிறது. பெற்றோர், பி.டி.பி.டி.என்., உபகாரச் சம்பளம் தரும் அறவாரியம் என எத்தகைய தரப்பினருக்கு விவரம் கொடுக்கப்படலாம் என்பதைக் கல்லூரி எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம், தமிழில் கட்டாயமில்லை. எனவே, கையெழுத்திடும் முன் பிள்ளைகளே அதை வீட்டில் வாசித்து விளக்குவது நல்லது. அம்மாவுக்கு முடிவு தெரிய வேண்டுமா, வேண்டாமா என்பதை அப்போதே பேசிக்கொள்ளலாம்.

மாணவர்கள் அதிகம் அறியாதது, தங்கள் கோப்பைத் தாங்களே கேட்டுப் பார்க்கும் உரிமை. எழுத்து மூலம் விண்ணப்பித்தால் கல்லூரி 21 நாட்களுக்குள் விவரம் தர வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் சொல்லி மேலும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். நகலுடன் பெற அதிகபட்சக் கட்டணம் 10 ரிங்கிட். நகல் இல்லாமல் 2 ரிங்கிட். உடல்நலம் போன்ற நுண்ணிய விவரங்களுக்கு நகலுடன் 30 ரிங்கிட் வரை கேட்கலாம். புள்ளிகள் மட்டுமல்ல, மாணவரைப் பற்றிப் பதிவாகியுள்ள கருத்துகளும் தனிநபர் தரவுதான். பெயரோ புள்ளியோ தவறாக இருந்தால் திருத்தவும் கோரலாம்.

கட்டண பாக்கி இருந்தால்? இங்குதான் தோட்டப்புறக் குடும்பங்கள் பல தயங்கி நின்றுவிடுகின்றன. விண்ணப்பத்தை மறுக்கச் சில காரணங்களைச் சட்டம் அனுமதிக்கிறது: அடையாளத்தை உறுதிப்படுத்தாதது, இன்னொருவரின் விவரம் வெளிப்படுவது போன்றவை. பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. முத்திரையிட்ட சான்றிதழும் பட்டச் சுருளும் வேறு. அவற்றை எப்போது தருவது என்பது கல்லூரியோடு செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கோப்பிலுள்ள விவரத்தைக் கேட்பதற்கு மட்டுமே இந்த 10 ரிங்கிட் வழி.

எஸ்பிஎம் முடிவு வந்ததும் கேட்காமலே வரும் கல்லூரி அழைப்புகளுக்கும் இதே சட்டத்தில் மருந்து உண்டு. விளம்பரத்துக்குத் தன் எண்ணைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு எழுத்து மூலம் கோரலாம்.

கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆகவே தேசியப் பள்ளி, போலிடெக்னிக் மாணவர்கள் இதைக் காட்டிக் கேட்க முடியாது. பொதுப் பல்கலைக்கழக மாணவர்கள் முதலில் பதிவாளர் அலுவலகத்தில் அங்குள்ள விதிமுறையைக் கேட்பதே சரி.

2024-இல் சட்டம் திருத்தப்பட்டு, தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவோருக்கான தண்டனை உயர்ந்தது: 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். கல்லூரி பதிலே தராவிட்டால், விண்ணப்பத்தின் நகலை இணைத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யலாம். விண்ணப்பம் கொடுத்த தேதிக்கு ஒப்புகை வாங்கி வைத்திருந்தால்தான் 21 நாள் கணக்கை நிரூபிக்க முடியும்.