'ஃபெயில்' என்ற சொல் மனிதன் மேல் ஒட்டிக்கொண்ட கதை

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் நம் ஊர்களில் அதிகம் அடிபடும் ஆங்கிலச் சொல் 'ஃபெயில்'. முதல் நாள் "மகனுக்குக் கணிதம் ஃபெயிலாம்" என்போம். ஒரு கிழமை போனால் "அது ஃபெயிலான புள்ள" என்று ஆகிவிடும். பாடத்தைப் பற்றிச் சொன்ன சொல் பிள்ளையின் அடையாளமாகிறது. இந்தச் சொல்லின் வரலாற்றைப் பார்த்தால், அதிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

இதன் வேர் 'ஃபல்லேரே' என்ற லத்தீன் சொல். ஏமாற்றுதல், இடறச் செய்தல் என்று பொருள். பொய்யானதைச் சொல்லும் 'ஃபோல்ஸ்', குற்றத்தைச் சொல்லும் 'ஃபோல்ட்' இரண்டும் இதே குடும்பத்துச் சொற்கள்தான். பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, போதாமல் போவது, இல்லாமல் போவது என்ற பொருளே அதில் மேலோங்கி இருந்தது. மழை ஃபெயிலாகும், விளைச்சல் ஃபெயிலாகும். இன்றும் நாம் 'பிரேக் ஃபெயில்', 'கிட்னி ஃபெயிலியர்' என்கிறோம். கிட்னி பழுதான மனிதரைக் கையாலாகாதவர் என்று யாராவது ஏசுவோமா?

தமிழிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. பெற்றோர் கூட்டக் கடிதத்தில் "தவறாது சமுகமளிக்கவும்" என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அதே இடத்தில் 'விதவுட் ஃபெயில்' என்று வரும். கைதவறி விழுந்த கோப்பை, தவறவிட்ட பஸ், பிள்ளை செய்த தவறு, எல்லாம் ஒரே சொல்தான். நழுவிப் போனதும் குற்றமும் இரண்டு மொழியிலும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

அந்தப் பழைய பொருளுக்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் காணப்பட்டது. பதினைந்து வருடத்துக்குள் கோப்பி விழுந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன் 1884 மே மாதம் கதவை மூடியது. மக்கள் கையிலிருந்த அதன் நோட்டுகள் வெறும் கடதாசியாகப் போகாமல், ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் பொறுப்பில் அவற்றை ஏற்றார். அரசாங்கமே நோட்டு வெளியிடும் முறை அதன் பிறகுதான் வந்தது. இப்படி ஒரு வங்கி விழுவதை ஆங்கிலத்தில் 'ஃபெயில்' என்பார்கள். பணம் கொடுக்க முடியாமல் போனது, அவ்வளவுதான்.

சொல் மனிதன் மேல் ஏறியதும் இந்தக் கடன் உலகத்திலிருந்துதான் என்று வாதிடுகிறார் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்காட் சாண்டேஜ். அவருடைய நூல் 2005இல் வந்தது. முன்பெல்லாம் வியாபாரி ஒருவருக்கு 'ஃபெயிலியர்' நடந்தது என்பார்கள், அது ஒரு சம்பவம். 1837இன் பெரும் நெருக்கடியில் அங்கே ஏராளமான கடைகள் விழுந்தன. நியூயோர்க்கில் லூயிஸ் டப்பான் தன் சகோதரருடன் நடத்திய பட்டு வியாபாரமும் அதில் விழுந்தது. அதே டப்பான் 1841இல், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று வியாபாரிகளுக்குத் தகவல் விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். (தானே விழுந்தவர்தான் மற்றவர்களுக்கு மதிப்பீடு போடப் புறப்பட்டார்!) பெரிய பேரேடுகளில் ஒவ்வொரு வியாபாரியின் குணம், குடிப்பழக்கம், குடும்பம் எல்லாம் பதிவாகின. கடை விழுந்த செய்தி ஆளின் குணமாக எழுதப்பட்டது. 'அவருக்கு நடந்தது' என்பது 'அவர் அப்படிப்பட்டவர்' என்று மாறியது.

அரபியில் பரீட்சையில் சித்தியடையாதவரை 'ராஸிப்' என்கிறார்கள். தண்ணீரின் அடியில் படியும் வண்டலுக்கும் அதே வேர்தான். அடியில் போனது என்கிறது அந்தச் சொல். கலக்கினால் வண்டல் மேலே வரும் என்பது வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

நம் உயர்தரப் பெறுபேற்றில் 'எஃப்' இன்னும் இருக்கிறது. சாதாரண தரத்தில் அது இல்லை, அங்கே 'டபிள்யூ'தான். 'வீக்', அதாவது பலவீனம். அந்த எழுத்து பாடத்தின் பெயருக்கு நேரே போடப்படுவது. ஆனாலும் டபிள்யூ எடுத்த பிள்ளையையும் வீதியில், கல்யாண வீட்டில், கடையடியில் நாம் ஃபெயில் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.