கட்டுச்சோறும் கடைப்பார்சலும்

அரசர்களின் வரலாற்றை நாம் பாடசாலையிற் படித்தோம். அவர்கள் செய்த போர்களையும் கட்டிய கோட்டைகளையும் ஆண்டு பிசகாமல் ஒப்புவித்தோம். ஆனால், நாம் உண்ணும் சோறு எதிலே கட்டப்பட்டு வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எவரும் எமக்குக் கற்பித்திலர். அவ்வரலாற்றிலே அறிவின் வெற்றியும் உண்டு. மாந்தரின் கண்ணீரும் உண்டு.

எமது முன்னோர் வழிப்பயணம் போகும்போது வாழையிலையை அனலில் வாட்டிக் கட்டுச்சோறு கட்டினர். யாழ்ப்பாணத்திலே பனையோலை தட்டுவமாகிச் சோற்றை ஏந்தியது. பிளாவாகிக் கூழை ஏந்தியது. உண்டபின் எறிந்தவற்றை மாடு தின்றது. மிஞ்சியது மண்ணோடு மண்ணாயிற்று.

பின்னர்ப் பட்டினங்கள் பெருகின. வேலைக்குப் போவோர் கடைச்சோற்றை நம்பி வாழத் தொடங்கினர். வாழையிலை கிழியும், சொதி ஒழுகும், பட்டினத்தில் இலைக்கு விலையும் கூட. ஒழுகாததும் மலிவானதுமான ஒரு பொருளைக் கடைக்காரர் விரும்பியது குற்றமன்று.

அப்பொருளை இரசாயனம் கொடுத்தது. 1933 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்து ஆய்வுகூடத்திலே எரிக் போசெற், றெஜினால்ட் கிப்சன் என்னும் இருவர் எதிலீன் வாயுவைப் பேரமுக்கத்துக்கு உட்படுத்தினர். எதிர்பாராத வகையில் மெழுகுபோன்ற வெள்ளைப் பொருளொன்று கலத்தில் எஞ்சியது. அதுவே பொலித்தீன். இரண்டாம் உலக யுத்தத்தில் றேடார்க் கருவிகளின் மின்வடங்களுக்கு உறையாய் உதவிய அது, யுத்தம் முடிந்தபின் சமையலறைக்கு வந்தது. 1950 ஐ ஒட்டிச் செர்மனியிலே பொலிஸ்ரைரீனை நுரைபோல ஊதிப் பெருப்பிக்கும் முறை தோன்றியது. நாம் 'றெஜிபோம்' என்று சொல்லும் சாப்பாட்டுப் பெட்டி அதன் வழிவந்ததே. எமது நாட்டிலும் இலையின் இடத்தை 'லஞ்ச் சீற்' பிடித்தது. ஒருவேளைச் சோற்றைக் கட்டும் தாள், உண்டவனின் ஆயுளையும் கடந்து மண்ணிற் கிடக்கலாயிற்று.

நுரைப்பெட்டியைக் கைவிட்ட கதைகளுள் பெயர்பெற்றது அமெரிக்காவில் நடந்தது. மக்டொனால்ட்ஸ் என்னும் உணவு நிறுவனம் அப்பெட்டியிலே பண்டங்களை விற்றுவந்தது. 1980 களின் பிற்பகுதியில் ஊர்மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதனை எதிர்த்தனர். பாவித்த பெட்டிகளை அந்நிறுவனத்துக்கே திருப்பியனுப்பியோரும் உளர். 1990 நவம்பரில் நிறுவனம் நுரைப்பெட்டியை விட்டுக் கடதாசிக்கு மாறுவதாக அறிவித்தது. பேரங்காடியை அசைக்கப் பிள்ளைகளாலும் முடிந்தது என்பது நம் போன்ற இளைஞர் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை. கடதாசியிலே எண்ணெய் ஊறாதிருக்கப் புளோரீன் சேர்ந்த சில இரசாயனங்களைப் பூசும் வழக்கம் இருந்தது. அவை எளிதில் அழியாதவை; உடம்பிலும் நீரிலும் தங்குபவை. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க விரைவுணவுக் கடைகளிற் சேகரித்த ஏறக்குறைய 400 உறைகளுள் மூன்றிலொரு பங்கிலே புளோரீன் காணப்பட்டது. 2020 யூலையில் டென்மார்க்கு உணவுக் கடதாசியில் அவற்றைத் தடைசெய்தது. எண்ணெய் ஊறாதிருக்கப் பூசும் அத்தகைய பொருள்கள் உணவுறைகளுக்கென இனி விற்கப்படவில்லை என்று 2024 பெப்ரவரியில் அமெரிக்க அரசு அறிவித்தது. பொலிஸ்ரைரீனின் மூலப்பொருளாகிய ஸ்ரைரீனோ, பெரும்பாலும் புற்றுநோய் விளைக்கக்கூடியது என்று 2018 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தால் வகுக்கப்பட்டது. எனவே, மண்ணுக்கு நல்லது என்று சொல்லப்படுவது வயிற்றுக்கும் நல்லதா என்று தனியே கேட்டறிதல் வேண்டும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இருபது மைக்குரோனிலும் மெல்லிய பொலித்தீன் 2007 இலேயே தடைசெய்யப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. பையோ கடையில் இருந்தது. 2017 ஏப்பிரல் 14 ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிலே குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பத்திரண்டு உயிர்கள் மாண்டன. அவர்கள்மேல் விழுந்தது பட்டினத்தார் எல்லோரும் எறிந்த குப்பை. நாம் வாங்கி உண்டு வீசிய பார்சலின் தாளும் அத்தகைய மலைகளிலேதான் சேர்கின்றது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு சுடுகின்றது.

அவ்வாண்டு செப்ரெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் நுரைப்பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்ரோபர் 1 முதல், ஒருமுறை பாவித்து எறியும் பிளாத்திக்குத் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், இடியப்பத்தட்டு ஆகியனவும் தடைக்குள் வந்தன. நல்ல சட்டங்களே. ஆனால், 2007 இன் அனுபவத்தை நாம் மறத்தலாகாது. சட்டம் வழியைக் காட்டும். நடப்பது மக்கள் கால்களே.

சாப்பாட்டுக்கடை நடத்துபவர் பெருஞ்செல்வர் அல்லர். சில ரூபாய் இலாபத்தில் வாழ்பவரிடம், 'நல்ல உறையை வாங்கும்' என்று கட்டளையிட்டு, விலை கூடியதும் அடுத்த கடைக்குப் போவது நியாயமாகுமா? அச்செலவில் ஒரு பங்கை நாமும் தாங்கவேண்டும். அன்றேல், வீட்டிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியையோ தூக்குச்சட்டியையோ கொண்டுபோகவேண்டும். கழுவி மீண்டும் பாவிக்கும் பாத்திரத்திலும் சிறந்த உறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

பல்கலைக்கழகத்திற் பயிலும் நானும் பார்சற் சோறு உண்பவனே. பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் இளைஞர்காள், இரண்டு கேள்விகளை நாம் வழக்கமாக்கிக் கொள்வோம். இந்த உறை உணவுக்கு என்ன செய்யும்? உண்டபின் இது எங்கே போகும்? வாட்டிய வாழையிலையில் எமக்குக் கட்டுச்சோறு கட்டித்தந்த பாட்டிமார் இக்கேள்விகளைக் கேட்டிலர்; கேட்கவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. எமக்கு இருக்கின்றது.